பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனை ஊழியர்களின் அறிவையும் மனப்போக்கையும் அளப்பது எப்படி? கோலாலம்பூரில் ஆய்வு செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

பெருந்தொற்று வந்துவிட்டால் மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு அதைப் பற்றி என்ன தெரியும், என்ன நினைக்கிறார்கள், வார்டில் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்ற மூன்றையும் சேர்த்து அளக்கும் கணக்கெடுப்புக்குக் கே.ஏ.பி. (Knowledge, Attitude, Practice: அறிவு, மனப்போக்கு, நடைமுறை) ஆய்வு என்று பெயர். கோவிட்-19 காலத்தில் இப்படிப்பட்ட ஆய்வுகள் உலகெங்கும் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. பலவற்றின் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான்: அறிவு நன்றாக இருக்கிறது, மனப்போக்கும் பரவாயில்லை, நடைமுறையில் மட்டும் கொஞ்சம் குறை. அந்தக் கொஞ்சம் குறைக்குள்தான் விஷயம் முழுவதும் கிடக்கிறது. பாதுகாப்பு உடையைக் கழற்றும் வரிசையை ஒப்பிக்கத் தெரிந்த தாதி, ஷிப்ட் முடியும் நேரத்தில் ஏன் அந்த வரிசையைத் தவறவிடுகிறார் என்பதை மதிப்பெண் சொல்லாது. காரணத்தைக் கேட்டிருந்தால்தான் தெரியும்.

தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர்களும், முதுகலைப் பட்டத்துக்காக ஆய்வு செய்பவர்களும், பெரிய கிளினிக்குகளை நடத்துபவர்களும் அந்தக் காரணத்தைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக இது எழுதப்படுகிறது. அடுத்த தொற்று எப்போது வரும் என்று தெரியாது. வந்த பிறகு கேள்வித்தாள் தயாரிக்க உட்கார்ந்தால் நேரம் போய்விடும். 1998-99இல் நிப்பா, 2003இல் சார்ஸ், 2009இல் எச்1என்1, 2020இல் கோவிட் என்று மலேசியா வரிசையாகப் பார்த்திருக்கிறது. ஆகவே கேள்வித்தாள், மொழிபெயர்ப்பு, அனுமதி மனு ஆகிய மூன்றையும் அமைதியான காலத்திலேயே செய்து வைப்பதுதான் அறிவு.

படி 1: எந்த முடிவுக்காகக் கேட்கிறீர்கள்?

கேள்வித்தாளைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் இதை எழுதுங்கள்: "இந்த ஆய்வின் பதில் வந்ததும் எதை மாற்றப் போகிறோம்?" பயிற்சியை மாற்றுவதா, பொருள் வழங்கும் முறையை மாற்றுவதா, ஷிப்ட் நேரத்தை மாற்றுவதா? எதையும் மாற்றும் அதிகாரம் இல்லாதவர்கள் நடத்தும் ஆய்வில் ஊழியர்கள் ஒருமுறை பதில் சொல்வார்கள். மறுமுறை கேட்டால் நேரமில்லை என்பார்கள். எனவே வார்டு தலைமைத் தாதி, தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி, பொருள் கிடங்குப் பொறுப்பாளர், துப்புரவு மேற்பார்வையாளர் ஆகியோரை ஆரம்பத்திலேயே ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசுங்கள். அந்தப் பேச்சில் கேள்விகளில் பாதி தானாகவே கிடைக்கும்.

படி 2: அனுமதி

சுகாதார அமைச்சின் கீழுள்ள மருத்துவமனை என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வைப் பதிவு செய்து, அமைச்சின் மருத்துவ ஆய்வு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். மருத்துவமனை இயக்குநரின் சம்மதம் தனி. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குச் சொந்த நெறிமுறைக் குழு உண்டு. அமைச்சின் வளாகங்களில் எடுத்த தரவைக் கட்டுரையாக வெளியிடுவதற்குச் சுகாதாரத் தலைமை இயக்குநரின் அனுமதியும் தேவை. இதைக் கடைசியில் நினைத்துக்கொண்டு திண்டாடுபவர்கள் பலர்.

அடையாள அட்டை எண், கைப்பேசி எண், பெயர் மூன்றையும் கேட்காதீர்கள். ஆனால் பெயரைக் கேட்காமல் விட்டால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. ஒரு வார்டில் ஆண் தாதி ஒருவர்தான் இருக்கிறார் என்றால், 'வார்டு', 'பதவி', 'பால்' என்ற மூன்று கட்டங்களே அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். வயதை ஐந்தாண்டுக் கட்டங்களாகக் கேளுங்கள். அறிக்கையில் ஐந்து பேருக்குக் குறைவான குழுவைத் தனியாகக் காட்டாதீர்கள்.

படி 3: யாரைக் கேட்பது?

பெரும்பாலான ஆய்வுகள் இங்கேதான் வழுக்குகின்றன. மனிதவளப் பிரிவில் ஊழியர் பட்டியல் கேட்டால் மருத்துவர், ஹவுஸ்மேன் (பயிற்சி மருத்துவர்), தாதி, எம்.ஏ. (மருத்துவ உதவியாளர்), பி.பி.கே. (நோயாளிப் பராமரிப்பு உதவியாளர்), ஆய்வகப் பணியாளர் எல்லாரும் இருப்பார்கள். தரை துடைப்பவர், குப்பை அள்ளுபவர், துணி எடுப்பவர் இருக்க மாட்டார்கள். அரசு மருத்துவமனைகளில் துப்புரவு, சலவை, மருத்துவக் கழிவு போன்ற ஆதரவுச் சேவைகள் 1990களின் பிற்பகுதியிலேயே தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டுவிட்டன. அந்தத் தொழிலாளர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். மருத்துவமனைப் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. ஆனால் தனிமை அறையில் நோயாளி இருந்த கட்டிலைத் துடைப்பதும், அந்த அறையின் மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையைக் கட்டுவதும் அவர்கள்தான்.

செந்தூலிலிருந்தும் பத்துமலைப் பக்கத்திலிருந்தும் அதிகாலைப் பேருந்து பிடித்து வரும் துப்புரவுப் பணியாளர்களில் தமிழ்ப் பெண்கள் கணிசமானவர்கள். அவர்களை விட்டுவிட்டு 'மருத்துவமனை ஊழியர்களின் அறிவு' என்று தலைப்பு வைப்பது நியாயமல்ல. ஒப்பந்த நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி கேட்டு, தனிப் பட்டியல் வாங்குங்கள். அதே கடிதத்திலேயே, யார் என்ன பதில் சொன்னார் என்பது நிறுவனத்துக்குத் தரப்படாது என்று உறுதியாக எழுதிவிடுங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர், நோயாளியைத் தள்ளிச் செல்பவர், பாதுகாவலர், பதிவு முகப்பில் இருப்பவர் ஆகியோரையும் சேருங்கள்.

'வேலையின் தன்மை' என்ற கட்டம் கட்டாயம் வேண்டும்: நிரந்தரம், ஒப்பந்தம், வெளி நிறுவனம். 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்டார்கள். 2021 ஜூலை 26ஆம் தேதி, தொற்று உச்சத்தில் இருந்த நேரத்தில், அவர்கள் நிரந்தர வேலை கேட்டுக் கறுப்பு உடையில் வெளியே வந்து நின்றார்கள். அப்படிப்பட்ட ஒரு வருடத்தில் மனப்போக்கை அளந்துவிட்டு, வேலை நிரந்தரமா என்று கேட்காமல் விட்டால், கிடைக்கும் எண்களுக்குப் பொருள் சொல்லவே முடியாது.

படி 4: எத்தனை பேர்?

பாதிப் பேருக்குத் தெரியும், பாதிப் பேருக்குத் தெரியாது என்று வைத்து, 95% நம்பகத்தில் 5 புள்ளி பிழையோடு கணக்கிட்டால் 384 பேர் என்று வரும். பெரிய மக்கள்தொகைக்கு இது சரி. 800 பேர் வேலை செய்யும் மருத்துவமனைக்கு அத்தனை தேவையில்லை. 383ஐ 800ஆல் வகுத்து, 1ஐக் கூட்டி, அந்த எண்ணால் 384ஐ வகுங்கள்: 260. ஐந்தில் ஒருவர் பதில் தரமாட்டார் என்று வைத்தால் 260ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும். 325 பேரை அணுக வேண்டியிருக்கும். இருபது விழுக்காடு கூட்டினால் போதும் என்று 312இல் நிறுத்துவது பரவலான தவறு. 312இல் ஐந்திலொரு பங்கு போனால் 250தான் மிஞ்சும்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. 800 பேரில் தாதியர் 380, மருத்துவர் 120, எம்.ஏ. 60, பி.பி.கே. 90, துப்புரவுப் பணியாளர் 110, மற்றவர் 40. விகிதப்படி 260 பேரைப் பிரித்தால் துப்புரவுப் பணியாளர்களில் 36 பேர்தான் வருவார்கள். அந்த 36 பேரை வைத்துச் சொல்லும் எந்த விழுக்காட்டிலும் சுமார் 13 புள்ளி மேலே கீழே ஆடும். "60% பேருக்குத் தெரியும்" என்று எழுதினால் அது 47ஆகவும் இருக்கலாம், 73ஆகவும் இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. எனவே 110 பேரில் 80 பேரைக் கேளுங்கள், ஆட்டம் 6 புள்ளிக்குள் அடங்கும். மொத்த மருத்துவமனைக்கான எண்ணைக் கணக்கிடும்போது மட்டும் எடை போட வேண்டும், அதாவது ஒவ்வொருவரின் பதிலும் எத்தனை பேருக்காக நிற்கிறது என்பதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 110இல் 80 என்றால் ஒவ்வொருவருக்கும் எடை 1.375. தாதியர் 380இல் 120 பேர் பதில் தந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் எடை சுமார் 3.17.

பட்டியலிலிருந்து எண்போட்டு, கணினியில் குலுக்கி எடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கூகள் ஃபார்ம் சுட்டியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது குலுக்கல் ஆகாது. சுட்டி எத்தனை பேரை எட்டியது என்று தெரியாததால் பதில் விகிதத்தைக் கணக்கிட வழியில்லை. ஆர்வமுள்ளவர்கள்தான் நிரப்புவார்கள், சிலர் இருமுறை நிரப்புவார்கள். இணையம்தான் வழி என்றால், குலுக்கலில் வந்தவர்களுக்கு மட்டும் ஒருமுறை பயன்படும் குறியீடு கொடுங்கள்.

படி 5: அறிவுக் கேள்விகள்

எல்லாருக்கும் தெரிந்ததைக் கேட்காதீர்கள். "கை கழுவினால் தொற்று குறையுமா?" என்ற கேள்விக்கு எல்லாரும் ஆம் என்பார்கள். மதிப்பெண் ஏறும், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. கையைப் பற்றி இப்படிக் கேட்கலாம்:

- ஆல்கஹால் செனிடைசரால் கையைத் தேய்க்க எவ்வளவு நேரம்? (உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்: 20 முதல் 30 விநாடி. சோப்பும் தண்ணீரும் என்றால் முழு நடைமுறைக்கும் 40 முதல் 60 விநாடி.)
- நோயாளியைத் தொடாமல், அவர் கட்டிலோரப் பலகையை மட்டும் தொட்டுவிட்டு வெளியே வருகிறீர்கள். கை சுத்தம் தேவையா? (தேவை. கை சுத்தம் செய்ய வேண்டியதாக அந்த நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில் பலர் மறப்பது இதைத்தான்.)
- கையுறை போட்டிருந்தேன், கழற்றிய பிறகு கை சுத்தம் தேவையா? (தேவை. கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கலாம், கழற்றும்போதே கை அழுக்காகலாம்.)

என்95 பற்றி: பொருத்தச் சோதனைக்கும் அடைப்புச் சோதனைக்கும் வித்தியாசம் தெரியுமா என்று கேளுங்கள். எந்த வகை, எந்த அளவு அவர் முகத்துக்குப் பொருந்தும் என்று கருவியாலோ கசப்பு அல்லது இனிப்புத் தெளிப்பாலோ முன்கூட்டியே பார்ப்பது பொருத்தச் சோதனை. ஒவ்வொரு முறை போடும்போதும் கையை வைத்து ஊதி, இழுத்துக் காற்றுக் கசிகிறதா என்று தானே பார்ப்பது அடைப்புச் சோதனை. பலர் இரண்டும் ஒன்று என்றே நினைப்பார்கள். முகமூடியின் விளிம்பு படும் இடத்தில் தாடி இருந்தால் இரண்டுமே பொய்.

துப்புரவுப் பணியாளர்களுக்கு அவர்கள் வேலையிலிருந்து கேளுங்கள். 5% வெளுப்பு நீரிலிருந்து 0.1% கரைசல் ஒரு லிட்டர் செய்ய எவ்வளவு ஊற்ற வேண்டும்? 20 மில்லி வெளுப்பு நீர், 980 மில்லி தண்ணீர். இரத்தமோ வாந்தியோ அதிகம் சிந்திய இடத்துக்கு 0.5%: 100 மில்லிக்கு 900 மில்லி தண்ணீர். இதை எழுத்தில் கேட்பதைவிட, ஒரு வாளியும் அளவுக் குவளையும் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். இங்கு வெளுப்பு நீர் எதுவானாலும் 'குளோரோக்ஸ்' என்று சொல்வதுதான் வழக்கம். புட்டிக்குப் புட்டி அடர்த்தி மாறும் என்பதால், அன்று கிடங்கில் இருக்கும் புட்டியின் அடர்த்தியைப் பார்த்துத்தான் சரியான விடையை எழுத வேண்டும். கூடவே மூன்று விஷயம் கேட்கலாம்: அழுக்கைத் துடைத்த பிறகா அதற்கு முன்னா கரைசல் போடுவது (பிறகு, ஏனென்றால் அழுக்கு குளோரினைத் தின்றுவிடும்), நேற்றுக் கரைத்ததை இன்று பயன்படுத்தலாமா (கூடாது, வெயிலிலும் சூட்டிலும் வீரியம் குறையும்), கழிப்பறை கழுவும் அமிலத்தோடு கலக்கலாமா (கூடவே கூடாது, நச்சு வாயு வரும்).

விடைக்குத் தேதி போடுங்கள்

புதிய தொற்றில் சரியான விடையே மாறிக்கொண்டிருக்கும். "நோய் அறிகுறி இல்லாத பொதுமக்களும் முகக்கவரி அணிய வேண்டும்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைப்படி அது தவறு. 2020 ஜூன் 5ஆம் தேதி, பரவல் உள்ள இடங்களில் துணி முகக்கவரி அணியலாம் என்று ஆலோசனை மாறியது. மலேசியாவில் 2020 ஆகஸ்ட் 1 முதல் பொதுப் போக்குவரத்திலும் நெரிசலான இடங்களிலும் அது கட்டாயமானது. ஏப்ரலில் தயாரித்த விடைத்தாளை வைத்துச் செப்டம்பரில் திருத்தினால், நாட்டுச் சட்டத்தைச் சரியாகச் சொன்னவருக்கு முட்டை விழும். எனவே ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் விடை, எந்த வழிகாட்டுதலிலிருந்து எடுத்தது, எந்தத் தேதிப்படி என்ற மூன்றையும் எழுதுங்கள். ஒவ்வொரு பதில்தாளிலும் நிரப்பிய தேதி இருக்கட்டும். இடையில் வழிகாட்டுதல் மாறினால், மாறிய நாளுக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகத் திருத்துங்கள். களப்பணியை மூன்று வாரத்துக்குள் முடிப்பது இதற்காகத்தான்.

'தெரியாது' என்ற விடைக்கும் ஒரு கட்டம் கொடுங்கள். சரி, தவறு என்று இரண்டு மட்டும் இருந்தால், கண்ணை மூடிக் குறியிட்டவரும் 20க்குச் சராசரியாக 10 வாங்குவார். 80%க்கு மேல் நன்று, 60 முதல் 79% நடுத்தரம், அதற்குக் கீழ் குறைவு என்ற ப்ளூம் எல்லைகளைப் பலரும் அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். சரி, தவறு வகைத் தேர்வில் 60% என்பது குருட்டு யோகத்துக்கு மேல் இரண்டு கேள்விதான். தெரியாது என்பவரும் தவறாகத் தெரிந்து வைத்திருப்பவரும் வேறு வேறு ஆட்கள். முதலாமவருக்குப் பயிற்சி போதும், இரண்டாமவரிடம் ஏன் அப்படி நம்புகிறார் என்று பேச வேண்டும்.

படி 6: மனப்போக்கு

"கோவிட் நோயாளியைக் கவனிக்கத் தயாரா?" என்று மேலதிகாரி முன்னிலையில் கேட்டால் யார் மாட்டேன் என்பார்? அப்படிக் கிடைத்த 95% விழுக்காட்டுக்கு மதிப்பில்லை. நிபந்தனையாகக் கேளுங்கள்: "பின்வருவனவற்றில் எது இருந்தால் தனிமை வார்டில் வேலை செய்வது உங்களுக்கு எளிதாக இருக்கும்?" தங்க இடம், வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள், போதுமான பாதுகாப்பு உடை, தொற்று வந்தால் சம்பளம் பிடிக்கப்படாது என்ற உறுதி, படித்தொகை, வேறு. இந்தப் பட்டியலில் எதற்கு அதிகக் குறி விழுகிறதோ அதுதான் நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை.

ஆறு பகுதிகள் போதும்: தனக்குத் தொற்றும் என்ற எண்ணம், குடும்பத்துக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்ற பயம், நிர்வாகத்தின் மேல் நம்பிக்கை, அக்கம்பக்கத்தார் ஒதுக்குவது, தடுப்பூசி பற்றிய எண்ணம், வேலையைத் தொடரும் மனம். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம், ஐந்து படி விடை. பயத்தை 'எதிர்மறை மனப்போக்கு' என்று மதிப்பெண் குறைக்காதீர்கள். தொற்றுக்குப் பயப்படுபவர்தான் பல சமயம் கவனமாகக் கையைக் கழுவுகிறார். பயத்தைத் தனியாக அளந்து தனியாகவே எழுதுங்கள்.

சில வாக்கியங்களை எதிர்த்திசையில் எழுத வேண்டும், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுபவர் தெரியமாட்டார். கணக்கிடும்போது அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்ப மறக்காதீர்கள்: 5 என்பது 1, 4 என்பது 2. மறந்திருந்தால் ஒரு கேள்விக்கும் மொத்த மதிப்பெண்ணுக்குமான தொடர்பு எண் கழித்தல் குறியோடு வரும். க்ரோன்பாக் ஆல்பா (ஒரு பகுதியின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) திடீரென்று 0.4க்கு விழுந்தால், கேள்வியைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

படி 7: நடைமுறையும், ஏன் முடியவில்லை என்பதும்

"எப்போதும் கை கழுவுவீர்களா?" என்ற கேள்விக்கு எப்போதும் 'எப்போதும்' என்றுதான் விடை வரும். "உங்கள் கடைசி ஷிப்டில், பாதுகாப்பு உடையைக் கழற்றும்போது ஏதாவது ஒரு படியை விட நேர்ந்ததா?" என்று கேளுங்கள். 'விட நேர்ந்ததா' என்ற சொல்லே பாதிக் குற்ற உணர்வை எடுத்துவிடும். ஆம் என்றால் அடுத்த கேள்வி: ஏன்? பொருள் இல்லை, நேரமில்லை, வேர்த்து மயக்கம் வந்தது, கண்ணாடி பனித்தது, தண்ணீர் குடிக்காமல் கழிப்பறை போகாமல் பல மணி நேரம் இருந்தேன், கழற்றும் இடம் நெருக்கடி, அவசரம் என்று மேலே இருப்பவர் சொன்னார், எப்படி என்று தெரியவில்லை. எத்தனை வேண்டுமானாலும் குறியிடலாம். கீழே இரண்டு வரி காலியாக விடுங்கள்.

முடிந்தால் நேரில் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் முறையில் ஒரு பார்வை ஏறக்குறைய 20 நிமிடம், ஒரு பிரிவுக்கு ஒரு காலகட்டத்தில் 200 கை சுத்த வாய்ப்புகள். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லாரும் நன்றாகச் செய்வார்கள். அதனால் முதல் சில பார்வைகளைக் கணக்கில் சேர்க்காமல், ஆட்களுக்குப் பழகிய பிறகு எண்ணத் தொடங்குங்கள். இரவு ஷிப்டையும் விடாதீர்கள்.

படி 8: மொழி

மலாய் மொழிபெயர்ப்பு எளிதில் கிடைக்கும். தமிழ்தான் கவனம் கேட்கிறது. 'கிருமிநாசினி' என்று எழுதினால் ஒருவர் கையில் தேய்ப்பதை நினைப்பார், இன்னொருவர் தரையில் ஊற்றுவதை நினைப்பார். 'செனிடைசர்', 'தரைக்கு ஊற்றும் குளோரோக்ஸ்' என்று பிரித்து எழுதுங்கள். 'தனிமைப்படுத்தல்' என்ற ஒரே சொல் நோயாளியைத் தனி அறையில் வைப்பதற்கும், தொடர்பில் இருந்தவரை வீட்டில் வைப்பதற்கும் ஓடுகிறது. வீட்டில் வைப்பதை இங்கு எல்லாரும் 'குவாரண்டின்' என்றுதான் சொல்கிறார்கள், அதற்கு அதையே எழுதலாம். நாளிதழில் முகக்கவரி, வார்டில் மாஸ்க். கேள்வித்தாளில் மாஸ்க் என்றே இருக்கட்டும், என்95ஐயும் சாதாரண மூன்றடுக்கு மாஸ்க்கையும் படம் போட்டுக் காட்டுங்கள்.

எதிர்மறை வாக்கியத்தைத் தமிழில் கேட்டால் விடை குழம்பும். "மாஸ்க் இல்லாமல் உள்ளே போகக்கூடாது, சரியா தவறா?" என்றால் 'இல்லை' என்று தலையாட்டுபவர் எதற்கு ஒப்புக்கொள்கிறார்? 'இல்லாமல்', 'கூடாது' போன்ற சொற்கள் இல்லாத நேர் வாக்கியமாக்குங்கள். ஆறாம் படியின் எதிர்த்திசை வாக்கியங்களையும் இப்படியே எழுதலாம். 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பது யார் வாயிலும் வராது. 'கண்டிப்பா ஆமாம், ஆமாம், சொல்லத் தெரியல, இல்லை, கண்டிப்பா இல்லை' என்று வைத்தால் அக்காமார் தயங்காமல் விடை சொல்வார்கள்.

இருவர் தனித்தனியே தமிழாக்க வேண்டும், ஒருவராவது இந்த நாட்டில் வளர்ந்தவராக இருக்கட்டும். இருவரும் உட்கார்ந்து ஒன்றாக்கிய பிறகு, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் திரும்ப மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றட்டும். வித்தியாசம் வந்த இடத்தைத் திருத்துங்கள். பிறகு எட்டு, பத்துத் துப்புரவுப் பணியாளர்களிடம் ஒவ்வொரு கேள்வியையும் படித்துக்காட்டி, "இதில் என்ன கேட்கிறார்கள், உங்கள் சொல்லில் சொல்லுங்கள் அக்கா" என்று கேளுங்கள். தமிழ் பேசத் தெரிந்து எழுத்து தடுமாறுபவர்களும், தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு நின்றவர்களும், தமிழைவிட மலாய் எழுத்தை வேகமாகப் படிப்பவர்களும் இருப்பார்கள். எனவே இந்தக் குழுவுக்கு வாசித்துக் கேட்கும் முறையே சரி. வாசிப்பவர் அவர்களுடைய மேற்பார்வையாளராக இருக்கவே கூடாது.

படி 9: சரிபார்ப்பும் முன்னோட்டமும்

ஆறு வல்லுநர்களிடம் கேள்விகளைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பொருத்தம் என்று 1 முதல் 4 வரை போடச் சொல்லுங்கள். குறைந்தது ஐந்து பேர் 3 அல்லது 4 போட்டால் வைத்துக்கொள்ளலாம். அந்த ஆறில் ஒருவர் தலைமைத் தாதியாகவும் ஒருவர் துப்புரவு மேற்பார்வையாளராகவும் இருந்தால் நல்லது.

பிறகு 30 பேரிடம் முன்னோட்டம். இவர்களை முதன்மை ஆய்வில் சேர்க்காதீர்கள். 15 நிமிடத்துக்கு மேல் போனால் கேள்விகளைக் குறையுங்கள், ஷிப்ட் மாறும் நேரத்தில் அதற்கு மேல் யாரும் நிற்கமாட்டார்கள். மனப்போக்குப் பகுதிக்கு ஆல்பா 0.7க்கு மேல் இருக்கட்டும். சரி, தவறு கேள்விகளுக்கு அதே வேலையைச் செய்வது கே.ஆர்.-20 என்ற சூத்திரம். 30இல் 29 பேர் சரியாகச் சொன்ன கேள்வி எடுபடாது. ஆனால் அது உயிர் காக்கும் விஷயம் என்றால், அந்த ஒருவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்று பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 10: களத்தில்

மூன்று ஷிப்டுக்கும் போங்கள். காகிதம் என்றால் பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள், வார்டு தலைமையின் மேசையில் அடுக்கச் சொல்லாதீர்கள். ஒருமுறை வரமுடியாதவரை மேலும் இருமுறை தேடிப் போகலாம், அதற்கு மேல் வற்புறுத்தக் கூடாது. மறுத்தவர்களின் பதவியையும் வார்டையும் மட்டும் எண்ணி வையுங்கள். மறுப்பு ஒரே இடத்தில் குவிந்தால் அதுவும் ஒரு செய்தி.

படி 11: கணக்கு

மதிப்பெண்கள் பெரும்பாலும் மேல்பக்கம் குவியும், ஆகவே சராசரியோடு நின்றுவிடாமல் இடைநிலை எண்ணையும் (வரிசையில் நடுவில் நிற்பவரின் மதிப்பெண்) காலிறுதி வீச்சையும் (நடுவில் உள்ள பாதிப் பேரின் மதிப்பெண் எல்லை) கொடுங்கள். இரண்டு குழுக்களின் மதிப்பெண்ணை ஒப்பிட மான்-விட்னி சோதனை, விழுக்காட்டை ஒப்பிடக் கை-வர்க்கச் சோதனை. வயது, பதவி போன்ற பல காரணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் பலகாரணிப் பகுப்பாய்வு செய்தால், தவறு நடந்ததாகச் சொன்னவர்களில் பத்துப் பேருக்கு ஒரு காரணி என்ற அளவைத் தாண்டாதீர்கள். 60 பேர் என்றால் ஆறு காரணி.

மிகவும் பயன் தருவது ஒரு சின்ன அட்டவணைதான். நான்கு கட்டம் போடுங்கள்: தெரியும் செய்கிறார், தெரியும் செய்யவில்லை, தெரியாது செய்கிறார், தெரியாது செய்யவில்லை. இரண்டாவது கட்டத்தில் இருப்பவர்கள் ஏழாம் படியில் சொன்ன காரணங்களை எண்ணுங்கள். அங்கே 'பொருள் இல்லை' என்று குவிந்தால் பயிற்சி வகுப்பு நடத்துவது வீண், அது தாதியின் நேரத்தையும் தின்னும். 'கழற்றும் இடம் நெருக்கடி' என்று வந்தால் ஒரு தடுப்பையும் குப்பைத் தொட்டியையும் இடம் மாற்றினாலே போதுமாக இருக்கலாம். நான்காவது கட்டத்துக்குத்தான் வகுப்பு. மூன்றாவது கட்டத்தில் இருப்பவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சரியாகச் செய்கிறார்கள். அந்தப் பக்கத்து ஆள் விடுப்பில் போகும் நாளில் இவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசிக்க வேண்டும்.

அறிவுக்கும் நடைமுறைக்கும் தொடர்பு இருக்கிறது என்று எண் காட்டினால், ஒன்றால் மற்றது வந்தது என்று எழுதிவிடாதீர்கள். ஒரே நாளில் இரண்டையும் கேட்டிருக்கிறீர்கள். அனுபவம் அதிகம் உள்ளவருக்கு இரண்டும் கூடுதலாக இருக்கலாம்.

படி 12: திருப்பிச் சொல்வது

களப்பணி முடிந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு பக்கத் தாள் மலாய், ஆங்கிலம், தமிழ் என்ற மூன்று மொழியிலும் தயாராக வேண்டும்: என்ன கண்டோம், எதை மாற்றப் போகிறோம், எப்போது, யார் பொறுப்பு. தாதியர் ஓய்வறையில் ஒன்று, எம்.ஏ. மேசையில் ஒன்று, துப்புரவுப் பொருள் வைக்கும் அறைக் கதவின் உள்பக்கம் ஒன்று ஒட்டுங்கள். எழுத்து தடுமாறுபவர்களுக்கு ஷிப்ட் தொடங்கும்போது ஐந்து நிமிடம் வாசித்துச் சொல்லுங்கள். கரைசல் அளவுக்குத் தனியாக ஒரு படம்: 20 மில்லி கோடு போட்ட குவளை, ஒரு லிட்டர் கோடு போட்ட வாளி.

எட்டு வாரம் கழித்து, அதே கேள்விகளில் ஆறை மட்டும் எடுத்து, புதிதாகக் குலுக்கிய 60 பேரிடம் கேளுங்கள். வாளிச் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். அதில் முன்னேற்றம் இல்லையென்றால், அடுத்த வகுப்புக்குத் தேதி வைப்பதற்கு முன் பொருள் அறைக்குப் போய், கோடு போட்ட அந்தக் குவளை அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.